ஜான் மெர்சர் புரூக்

ஜான் மெர்சர் புரூக் (டிசம்பர் 18, 1826 - டிசம்பர் 14, 1906) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கடற்படை அலுவலர், கண்டுபிடிப்பாளர், கல்வியாளர் ஆவார். ஆழ்கடலின் ஆழத்தை அளந்து அடித்தள மண்ணையும் மேலே கொண்டுவரும் கருவியை உருவாக்கியமை, 1860 ஆம் ஆண்டில் சப்பானின் கன்ரின் மாரு கப்பல் பசிபிக் பெருங்கடலைக் கடக்கத் துணைநின்றமை, புரூக் பீரங்கியை வடிவமைத்தமை ஆகியவற்றுக்காக இவர் அறியப்படுகிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலக் கூட்டமைப்பின் முதன்மையான இரும்புக் கவசக் கப்பலாக விளங்கிய வர்ஜீனியாவின் வடிவமைப்பில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அக்கப்பலை வடிவமைத்தவர் யார் என்பது குறித்து இவருக்கும் கப்பல் கட்டுநர் ஜான் போர்ட்டருக்கும் இடையே எழுந்த சர்ச்சை இருவரது வாழ்நாளிலும் தீரவில்லை. வர்ஜீனியாவின் ஒளிப்படம் எதுவும் கிடைக்காததால், அதன் உண்மைத் தோற்றத்தை அறிய விரும்புவோருக்கு இச்சர்ச்சையில் வெளிவந்த ஆவணங்கள் இன்றும் முக்கியமான சான்றுகளாக உள்ளன.

பிறப்பும் கல்வியும்

புரூக், புளோரிடாவில் இன்றைய தாம்பா நகரம் அமைந்துள்ள இடத்தில் இருந்த புரூக் கோட்டையில் பிறந்தார். இவரது தந்தை ஜார்ஜ் மெர்சர் புரூக் அமெரிக்கத் தரைப்படையின் உயர் அலுவலர். கோட்டையின் பெயரும் தந்தையின் பெயரால் அமைந்ததே. தந்தையைப் பின்பற்றித் தரைப்படையில் சேராமல், புரூக் 1841 இல் கடற்படையில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தார். அனாபோலிசில் 1845 இல் நிறுவப்பட்ட கடற்படைக் கல்விக்கழகத்தில் பயின்று 1847 இல் தேர்ச்சி பெற்றார். அக்கழகத்தின் தொடக்ககால மாணவர்களுள் இவரும் ஒருவர். 1849 இல் மேரி எலிசபெத் கார்னெட் என்பவரை மணந்தார்.

ஆழ்கடல் ஆய்வு

1851 முதல் 1853 வரை வாசிங்டனில் உள்ள கடற்படை வானாய்வகத்தில் மேத்யூ ஃபொன்டெய்ன் மோரியின் கீழ்ப் பணியாற்றினார். மோரி கடல் நீரோட்டங்களையும் காற்றுகளையும் வரைபடங்களில் தொகுத்துப் புகழ்பெற்றவர்.

அக்காலத்தில் ஆழ்கடலை அளப்பது கடினமான செயலாக இருந்தது. நீண்ட கயிற்றின் முனையில் எடையைக் கட்டிக் கடலில் இறக்குவர். எடை தரையைத் தொட்ட பின்னரும் நீரோட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆதலால் எடை எப்போது தரையைத் தொட்டது என்று உறுதியாகக் கூற இயலாது. மேலும் அவ்வளவு நீளக் கயிற்றை எடையுடன் மேலே இழுக்கும்போது கயிறு அறுந்துவிடுவதும் உண்டு.

புரூக்கின் தீர்வு எளிமையானது. பீரங்கிக் குண்டு ஒன்றின் நடுவே துளையிட்டு, அதன் வழியே ஒரு தண்டைச் செருகினார். குண்டு ஒரு கவண் போன்ற அமைப்பினால் தண்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். தண்டின் முனை தரையைத் தொட்டதும் பிணைப்பு தளர்ந்து குண்டு கழன்றுவிடும். எடை குறைந்த தண்டு மட்டும் மேலே இழுக்கப்படும். தண்டின் அடிமுனையில் ஒட்டிவரும் மண், கருவி உண்மையிலேயே தரையைத் தொட்டதற்குச் சான்றாகும்.

இக்கருவியால் வட அத்திலாந்திக்கிலிருந்து எடுக்கப்பட்ட மண்ணை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அது நுண்ணுயிர்களின் சிதையாத ஓடுகளால் ஆனது எனத் தெரிந்தது. ஓடுகள் தேயாமல் இருந்தமையால் அவ்வாழத்தில் நீர் பெரும்பாலும் அசைவற்றுள்ளது என முடிவு செய்யப்பட்டது. கடலடியில் தந்திக் கம்பி பதிக்க இயலும் என்னும் நம்பிக்கையை இது வலுப்படுத்தியது. அத்திலாந்திக்கைக் கடந்த முதல் தந்திக் கம்பி 1858 இல் பதிக்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பிற்காகப் பிரசியாவின் தங்கப் பதக்கம் புரூக்கிற்கு வழங்கப்பட்டது.

பசிபிக் பயணங்களும் கன்ரின் மாருவும்

1853 இல் தொடங்கிய வட பசிபிக் ஆய்வுப் பயணத்தில் புரூக், வின்சென்சு என்னும் கப்பலில் வானியல் கணிப்புகளுக்குப் பொறுப்பேற்றார். பின்னர் 1858 இல் ஃபெனிமோர் கூப்பர் என்னும் சிறிய பாய்க்கப்பலின் தலைவராக, சான் பிரான்சிசுகோவிற்கும் சீனாவிற்கும் இடைப்பட்ட கடல்வழியை அளந்தார். 1859 ஆகத்து மாதத்தில் யோக்கோகாமா அருகே வீசிய சூறாவளியில் அக்கப்பல் கரைதட்டிப் பழுதடைந்தது. புரூக்கும் அவரது குழுவினரும் சப்பானில் தங்க நேர்ந்தது.

அவ்வேளையில் சப்பானிய அரசு அமெரிக்காவிற்குத் தூதுக்குழுவை அனுப்பவிருந்தது. அதற்குத் துணையாகக் கன்ரின் மாரு என்னும் நீராவிக் கப்பலும் செல்லவிருந்தது. அதில் கிமுரா யோசிதாகே தலைமை அலுவலராகவும், கட்சு கைசு கப்பல் தலைவராகவும், நாக்காகாமா மஞ்சிரோ மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தனர். பிற்காலத்தில் பெரும் கல்வியாளராக விளங்கிய ஃபுக்குசாவா யுகிச்சியும் அதில் பயணம் செய்தார். புரூக்கும் அவரது மாலுமிகள் சிலரும் உதவிக்கு உடன் சென்றனர்.

1860 பெப்ரவரி 10 இல் உராகாவிலிருந்து புறப்பட்ட கப்பல் கடும் புயல்களைச் சந்தித்து, மார்ச்சு 17 இல் சான் பிரான்சிசுகோவை அடைந்தது. சப்பானியர் தாமே கப்பல் செலுத்திப் பசிபிக்கைக் கடந்ததாக இப்பயணம் நெடுங்காலம் போற்றப்பட்டது. புரூக்கின் நாட்குறிப்பு வேறொரு தோற்றத்தைத் தருகிறது. சப்பானிய மாலுமிகள் பலர் கடல்நோயால் படுத்துவிட்டனர். கட்சுவும் பயணத்தின் பெரும்பகுதியில் நோயுற்றிருந்தார். புயலின்போது அமெரிக்க மாலுமிகளும் மஞ்சிரோவும் கப்பலை நடத்தினர். திரும்பும் வழியில் பெற்ற பயிற்சியைக் கொண்டு சப்பானியர் கப்பலைத் தாமே செலுத்திச் சென்றனர். இந்நாட்குறிப்பு புரூக் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அச்சில் வந்தது.

உள்நாட்டுப் போரில் இணைதல்

அடிமை முறையைக் காக்கும் நோக்குடன் தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து விலகியதை அடுத்து, 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. வர்ஜீனியா மாநிலம் விலகியதும் புரூக் ஏப்ரல் 20 இல் அமெரிக்கக் கடற்படைப் பதவியைத் துறந்து, முதலில் அம்மாநிலக் கடற்படையிலும் பின்னர் கூட்டமைப்புக் கடற்படையிலும் சேர்ந்தார்.

அதே ஏப்ரல் 20 இல், நார்ஃபோக்கு அருகே உள்ள கோசுபோர்ட் கப்பல் தளத்தைக் கைவிட்டுச் சென்ற ஒன்றியப் படையினர் மெரிமாக் என்னும் நீராவிப் போர்க்கப்பலுக்குத் தீ வைத்து மூழ்கடித்தனர். மேற்பகுதி நீர்மட்டம் வரை எரிந்துபோனாலும், அடிப்பகுதியும் இயந்திரங்களும் எஞ்சின. 1861 மே மாத இறுதியில் அது மீட்கப்பட்டது.

வர்ஜீனியாவின் வடிவமைப்பு

கூட்டமைப்பின் கடற்படைச் செயலாளர் ஸ்டீபன் மல்லோரி, எண்ணிக்கையில் மிகுந்த ஒன்றியக் கப்பல்களை இரும்புக் கவசக் கப்பலால் மட்டுமே எதிர்கொள்ள முடியும் எனக் கருதினார். 1861 சூன் மாதத்தில் அதற்குரிய திட்டத்தைத் தருமாறு புரூக்கிடம் கேட்டார்.

புரூக்கின் திட்டத்தில் இரு கூறுகள் இருந்தன. முதலாவது, கப்பலின் நடுப்பகுதியில் கூரை போன்று சாய்ந்த சுவர்களைக் கொண்ட கவச அறை. சாய்ந்த சுவரில் படும் குண்டு வழுக்கிச் செல்லும் என்பது இதன் அடிப்படை. இது புரூக்கிற்கு மட்டும் உரிய கருத்தன்று. பிறரும் இதனை முன்வைத்திருந்தனர். இரண்டாவது, கப்பலின் முன்முனையும் பின்முனையும் கவச அறைக்கு அப்பால் நீண்டு, நீர்மட்டத்திற்குக் கீழே மூழ்கியிருத்தல். முனைகள் நீண்டிருந்தால் கப்பலுக்கு மிதப்பும் வேகமும் கிடைக்கும். அவை நீருக்குள் இருப்பதால் அவற்றுக்குக் கனத்த கவசம் தேவையில்லை. போதிய இரும்பு கிடைக்காத தென் மாநிலங்களுக்கு இது பெரிய நன்மையாகும்.

சூன் 23 இல் கப்பல் கட்டுநர் ஜான் போர்ட்டரும் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்லியம்சனும் ரிச்மண்டில் மல்லோரியையும் புரூக்கையும் சந்தித்தனர். போர்ட்டர் தாம் செய்த கவசக் கப்பல் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதிலும் சாய்ந்த சுவர்கள் இருந்தன. ஆனால் கப்பலின் முனைகள் கவச அறையுடன் முடிந்துவிட்டன. புதிய இயந்திரங்கள் செய்ய வசதி இல்லாததால் மெரிமாக்கின் அடிப்பகுதியையும் இயந்திரங்களையும் பயன்படுத்த முடிவாயிற்று. சூன் 25 இல் மூவரும் கையொப்பமிட்டு இதனைப் பரிந்துரைத்தனர். கப்பலின் கட்டுமானம் போர்ட்டரிடமும், இயந்திரங்கள் வில்லியம்சனிடமும், கவசமும் பீரங்கிகளும் புரூக்கிடமும் ஒப்படைக்கப்பட்டன.

கவசத் தகடுகள் ரிச்மண்டில் இருந்த டிரெடிகர் இரும்பு ஆலையில் உருட்டப்பட்டன. அடிமைகளின் உழைப்பும் பயன்படுத்தப்பட்ட இவ்வாலை, போரின்போது தென் மாநிலங்களின் முதன்மையான பீரங்கி வார்ப்பகமாக இருந்தது. முதலில் 1 அங்குலத் தடிப்புள்ள தகடுகளை அடுக்கத் திட்டமிடப்பட்டது. சேம்சுடவுன் தீவில் சாய்ந்த இலக்குகளின்மீது குண்டுகளைச் சுட்டுச் சோதித்தபோது அவை போதாமை தெரிந்தது. இதனால் 2 அங்குலத் தகடுகள் இரண்டு அடுக்குகளாக, 24 அங்குலத் தடிப்புள்ள மரத்தின்மீது பொருத்தப்பட்டன.

போரில் வர்ஜீனியா

1862 பெப்ரவரி 17 இல் கப்பல் வர்ஜீனியா என்னும் பெயருடன் பணியில் இணைந்தது. மார்ச்சு 8 இல் ஆம்ப்டன் ரோட்சு நீர்ப்பரப்பில் கம்பர்லாந்து கப்பலை மோதி மூழ்கடித்து, காங்கிரசு கப்பலை எரித்தது. மறுநாள் ஒன்றியத்தின் கவசக் கப்பலான மானிட்டருடன் பல மணி நேரம் மோதியும் வெற்றி தோல்வி ஏற்படவில்லை. இது இரும்புக் கவசக் கப்பல்களுக்கு இடையே நிகழ்ந்த முதற் போராகும். மரக்கப்பல்களை எதிர்பார்த்துச் சென்ற வர்ஜீனியாவிடம் கவசத்தைத் துளைக்கவல்ல திண்மக் குண்டுகள் இருக்கவில்லை. புரூக் அப்போது கப்பலில் இல்லை. ரிச்மண்டில் பணியில் இருந்தார்.

கப்பலின் பெரிய குறை அதன் மிதப்பில் இருந்தது. எடைக் கணக்கில் நேர்ந்த பிழையால், திட்டமிட்டதைவிட அது நீருக்கு மேலே உயர்ந்து மிதந்தது. கவச அறையின் கீழ்விளிம்பு போதிய ஆழத்தில் மூழ்கவில்லை. பெருமளவு பாரம் ஏற்றிய பின்னரும் குறை முழுவதும் நீங்கவில்லை. இப்பிழைக்குப் போர்ட்டரே காரணம் எனப் புரூக் தம் குறிப்புகளில் பதிவு செய்தார்.

1862 மே மாதத்தில் நார்ஃபோக்கைக் கூட்டமைப்பினர் கைவிட்டபோது, ஏறத்தாழ 22 அடி ஆழம் தேவைப்பட்ட வர்ஜீனியாவைச் சேம்சு ஆற்றின் வழியே ரிச்மண்டுக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. பாரத்தை இறக்கியபோது கவசமற்ற மரப்பகுதி நீருக்கு மேலே தெரிந்தது. கப்பல் போரிடும் தகுதியை இழந்தது. எனவே மே 11 இல் மாலுமிகளே அதற்குத் தீ வைத்தனர். வெடிமருந்து அறை வெடித்துக் கப்பல் அழிந்தது.

புரூக் பீரங்கி

புரூக்கின் பெயரால் அழைக்கப்படும் பீரங்கி, வார்ப்பிரும்புக் குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டப்பட்டு, வெடிமருந்து வெடிக்கும் பின்பகுதியில் தேனிரும்புப் பட்டைகள் இறுக்கப்பட்டதாகும். பட்டைகள் சூடேற்றி மாட்டப்படும். குளிரும்போது சுருங்கிக் குழலை இறுகப் பற்றிக்கொள்ளும். வார்ப்பிரும்பு மட்டுமாயின் வெடிப்பின் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும். 6.4, 7, 8 அங்குல அளவுகளில் இவை டிரெடிகர் ஆலையிலும் அலபாமாவின் செல்மா வார்ப்பகத்திலும் செய்யப்பட்டன. வர்ஜீனியாவின் 10 பீரங்கிகளுள் 4 புரூக் பீரங்கிகள். 1863 இல் புரூக் கூட்டமைப்புக் கடற்படையின் படைக்கல, நீர்வரைவியல் அலுவலகத்தின் தலைவரானார். 1864 இல் இவரது மனைவி மேரி எலிசபெத் காலமானார்.

வடிவமைப்பாளர் யார் என்னும் சர்ச்சை

ஆம்ப்டன் ரோட்சு போருக்குப் பின் வர்ஜீனியாவின் புகழ் பரவியதும், அதன் வடிவமைப்பாளர் யார் என்னும் கேள்வி எழுந்தது. 1862 மார்ச்சு இறுதியில் மல்லோரி கூட்டமைப்பு நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையில், மூழ்கிய முனைகளைக் கொண்ட திட்டம் புரூக்கினுடையது எனத் தெரிவித்தார். போர்ட்டர் இதனை மறுத்து நாளிதழ்களுக்கு எழுதினார். புரூக் காப்புரிமை கோரி, 1862 சூலை 29 இல் 100 ஆம் எண் கொண்ட கூட்டமைப்புக் காப்புரிமையைப் பெற்றார்.

போர்ட்டரின் வாதம் வலுவற்றதன்று. தாம் 1846 ஆம் ஆண்டிலேயே கவசக் கப்பல் திட்டத்தை உருவாக்கியதாக அவர் கூறினார். மெரிமாக்கை உலர்துறையில் அளந்து, வரைபடங்களை வரைந்து, எடைகளைக் கணக்கிட்டு, நாள்தோறும் வேலையை நடத்தியவரும் அவரே. வரைபடம் இல்லாமல் கப்பல் இல்லை என்பது அவர் தரப்பின் சாரம். மூழ்கிய முனைகள் என்னும் கருத்து கப்பலின் அடிப்படை. அக்கருத்து சூன் 23 ஆம் நாள் கூட்டத்திற்கு முன்னரே மல்லோரியிடம் அளிக்கப்பட்டது என்பது புரூக் தரப்பின் சாரம்.

1880களில் வெளியான உள்நாட்டுப் போர் நினைவுத் தொகுப்பு ஒன்றில் இருவரது கூற்றுகளும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டன. 1891 இல் தென்னக வரலாற்றுக் கழகத்தின் இதழில் புரூக் தம் தரப்பை விரிவாக எழுதினார். 1892 இல் போர்ட்டரின் மகன் தம் நூலொன்றில் தந்தையின் உரிமையை நிலைநாட்ட முயன்றார். போர்ட்டர் 1893 இல் காலமானார்.

மூழ்கிய முனைகளைப் பற்றிய கருத்து புரூக்கினுடையது என்பதற்கு மல்லோரியின் அறிக்கையும் காப்புரிமையும் சான்றாக உள்ளன. கருத்தைக் கட்டத்தக்க கப்பலாக்கிய வரைபடங்களும் கட்டுமானமும் போர்ட்டருடையவை. பழைய இயந்திரங்களை இயங்கச் செய்தவர் வில்லியம்சன். ஆகவே வர்ஜீனியாவை ஒருவரின் படைப்பாகக் கூறுவது பொருந்தாது.

வர்ஜீனியாவின் உண்மைத் தோற்றம்

பணியில் இணைந்து 3 மாதங்களுக்குள் அழிந்த வர்ஜீனியாவின் ஒளிப்படம் எதுவும் அறியப்படவில்லை. அக்காலச் செய்தி இதழ்களில் வந்த செதுக்கோவியங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கப்பலைத் தொலைவிலிருந்தும் புகை மூட்டத்திலும் கண்டவர்களின் விவரங்களையோ, கேள்விப்பட்டவற்றையோ கொண்டு அவை வரையப்பட்டன. பலவற்றில் பீரங்கித் துளைகளின் எண்ணிக்கை தவறாக உள்ளது. சிலவற்றில் முனைகள் நீருக்கு மேலே தெளிவாகத் தெரிகின்றன.

போர்ட்டரின் வரைபடங்களும் அளவுகளும், புரூக்கின் காப்புரிமையும் கடிதங்களும், மாலுமிகளின் நினைவுகளும் ஒப்பிடப்பட்டதன் மூலம் ஓரளவு தெளிவான தோற்றம் கிடைத்துள்ளது. கப்பலின் நீளம் ஏறத்தாழ 275 அடி. அதில் கவச அறை ஏறத்தாழ 170 அடி. சுவர்களின் சாய்வு ஏறத்தாழ 36 பாகை. கவச அறையின் இரு முனைகளும் வளைவாக அமைந்திருந்தன. பக்கத்திற்கு 4, முனைக்கு 3 என மொத்தம் 14 பீரங்கித் துளைகள் இருந்தன. மேற்கூரை இரும்புச் சட்டங்களால் ஆன திறந்த வலையமைப்பு. அதன் முன்புறத்தில் கூம்பு வடிவான சுக்கான் அறை. நடுவே ஒரு புகைபோக்கி.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இச்சான்றுகள் அனைத்தும் ஒரே பொருளைக் காட்டுவதில்லை. காப்புரிமை, கப்பல் எவ்வாறு அமைய வேண்டும் எனப் புரூக் கருதினாரோ அதைக் காட்டுகிறது. போர்ட்டரின் வரைபடம், கட்டத் திட்டமிட்டதைக் காட்டுகிறது. நீரில் மிதந்த கப்பலோ இரண்டினின்றும் வேறுபட்டு உயர்ந்து நின்றது. மேலும் மார்ச்சுப் போருக்குப் பின் கப்பல் உலர்துறையில் பழுதுபார்க்கப்பட்டது. அப்போது உடைந்துபோன மோதுமுனைக்கு மாற்றாகப் புதியது பொருத்தப்பட்டது. கீழ்விளிம்பின் அடியில் கூடுதல் கவசம் சேர்க்கப்பட்டது. ஆகவே மார்ச்சு மாத வர்ஜீனியாவும் ஏப்ரல் மாத வர்ஜீனியாவும் முற்றிலும் ஒன்றல்ல. ஏற்றப்பட்ட நிலக்கரியின் அளவைப் பொறுத்தும் நீர்மட்டம் மாறியது. இரு சாட்சிகள் முரண்படும்போது, ஒருவர் பொய் கூறினார் என்றே கொள்ள வேண்டியதில்லை.

ஒன்றியப் படையிடம் சிக்கிய அட்லாண்டா, டென்னசி, அல்பமார்ல் போன்ற பிற கவசக் கப்பல்களின் ஒளிப்படங்கள் கிடைத்துள்ளன. நியூசு கப்பலின் அடிப்பகுதி 1963 இல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு வட கரொலைனாவின் கின்சுடன் நகரில் பாதுகாக்கப்படுகிறது. இவை கட்டுமான முறையை அறிய உதவுகின்றன. எனினும் ஒவ்வொரு கப்பலும் கிடைத்த பொருள்களுக்கு ஏற்பக் கட்டப்பட்டமையால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முழுமையாக வரைந்துவிட முடியாது.

பிற்கால வாழ்க்கை

போர் முடிந்த பின் புரூக், லெக்சிங்டன் நகரில் உள்ள வர்ஜீனியா இராணுவக் கல்வி நிறுவனத்தில் இயற்பியல், வானியல் பேராசிரியரானார். போரில் எரிக்கப்பட்டிருந்த அந்நிறுவனம் அப்போது மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. இவரது பழைய தலைவரான மோரியும் பின்னர் அங்கு ஆசிரியராக வந்தார். 1871 இல் கேட் கார்பின் பெண்டில்டன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். 1899 இல் ஓய்வு பெற்ற புரூக், 1906 டிசம்பர் 14 இல் லெக்சிங்டனில் காலமானார்.

நினைவு

புரூக்கின் பேரனும் வரலாற்றாசிரியருமான ஜார்ஜ் புரூக், தம் பாட்டனாரின் வாழ்க்கை வரலாற்றை 1980 இலும், பசிபிக் பயண நாட்குறிப்பை 1986 இலும் வெளியிட்டார். போர்க்கால நாட்குறிப்பும் கடிதங்களும் 2002 இல் நூலாக வெளிவந்தன. கன்ரின் மாரு, வர்ஜீனியா ஆகிய இரு கப்பல்களைப் பற்றியும் நிலவிய கருத்துகளை அவை நிகழ்ந்த நாள்களிலேயே எழுதப்பட்ட குறிப்புகளுடன் ஒப்பிட்டுப் பார்க்க இவை வழிவகுத்தன. வர்ஜீனியாவைப் பொறுத்தவரை இக்குறிப்புகள் ஒரு தரப்பினருடையவை என்பதால், போர்ட்டரின் வரைபடங்களுடன் சேர்த்தே பயன்படுத்தப்பட வேண்டியவை.

1966 இல் பணியில் இணைந்த ஏவுகணைப் போர்க்கப்பல் ஒன்றுக்கும் அதன் வகைக்கும் அமெரிக்கக் கடற்படை புரூக்கின் பெயரைச் சூட்டியது. 105 ஆண்டுகளுக்கு முன் இவர் விட்டு விலகிய கடற்படை அதுவே. 1988 இல் ஓய்வு பெற்ற அக்கப்பல், பின்னர் சில ஆண்டுகள் பாக்கித்தான் கடற்படையில் குத்தகை அடிப்படையில் பணியாற்றியது.